பல்பு சிரித்த முகூர்த்தம்

நாணு எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் மேலே பார்ப்பார். பகவானைத் தேடுகிறார் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. அவர் தேடுவது பல்பை. சாயாக்கடையானாலும் சரி, கோவில் பிராகாரமானாலும் சரி, பல்பு எப்படி எரிகிறது, நேற்றைக்கு இன்றைக்கு மங்கலா பிரகாசமா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மகள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்க எறணாகுளம் பிராட்வேக்குப் போனபோதும் அதே கதைதான். கடைக்காரர் பத்துப் புடவையை விரித்துப் போட்டிருக்க, இவர் அண்ணாந்துகொண்டிருந்தார்.

"பொடவையைப் பாருங்கோன்னா. பல்பை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று காமாக்ஷி முழங்கையால் இடித்தாள்.

"இங்கே வோல்டேஜ் ரொம்பக் கம்மியாக்கும்" என்றார் நாணு. அரக்குக் கலரா மாம்பழக் கலரா என்று அவள் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது.

பாலக்காட்டுக்காரர். களமசேரியில் எலக்ட்ரீஷியன் வேலை படித்து, துறைமுகத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, எழுபத்து நாலில் மட்டாஞ்சேரி காயலோரத்து ஐஸ் கம்பெனியில் சேர்ந்தார். ஐஸ் கம்பெனி என்று பெயர்தானே தவிர, உள்ளே முழுக்க இறால். தோல் உரித்து, உறைய வைத்து, பெட்டி பெட்டியாகக் கப்பலுக்கு அனுப்புவார்கள். பூண்டு வாசனைக்கே முகம் சுளிக்கிற மனுஷன், பதின்மூன்று வருஷம் அந்த வாடையில் நின்று சம்பாதித்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கொல்லைப்புறத்தில் ஒரு வாளி ஜலமும் சந்தன சோப்பும் காத்திருக்கும். குளித்து முடிக்கிறவரை காமாக்ஷி கதவைத் திறக்கமாட்டாள். "செம்மீனெல்லாம் போயாச்சா? இனி நாணுவை உள்ளே அனுப்புங்கோ" என்பாள் கதவுக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் அவர் தினம் வேலை முடிந்ததும் அவ்வளவு வேகமாக நடந்தாரோ என்னவோ.

கம்பெனியில் அவருடைய பொறுப்பு ஒரு ஜெனரேட்டர். உடைக்கப்போட்ட கப்பல் ஒன்றிலிருந்து கழற்றி வாங்கிவந்த டீசல் மெஷின். லைன், அதாவது ஊர்க் கரண்ட், போனால் மட்டும் ஓட்டுவதற்காக வாங்கியது. எண்பத்து மூன்றில் மழை பொய்த்து, இடுக்கி அணையில் தண்ணீர் வற்றி, கரண்டுக்கு வெட்டு வந்தது. கம்பெனிக்கு வேண்டியதில் பாதிதான் லைனில் கிடைக்கும் என்றார்கள். மீதிப் பாதியை மெஷின் கொடுக்க வேண்டும். அதாவது மெஷினையும் லைனையும் சேர்த்துக் கட்டி, இரண்டையும் ஒன்றாக ஓட்ட வேண்டும். நாணுவின் நிஜமான உத்தியோகம் அன்றைக்குத்தான் ஆரம்பமானது.

தனியாக ஓடும்போது அந்த மெஷின் பசுமாட்டுக்குச் சமானம். காந்தத்தின் பலத்தை மாற்ற ஒரு சின்னக் கைச்சக்கரம் உண்டு. வலப்பக்கம் திருப்பினால் வோல்டேஜ் ஏறும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கும். லைனோடு சேர்ந்துவிட்டாலோ, லைன் என்பது பெரிய இடத்துச் சம்பந்தம். ஐஸ் கம்பெனி சக்கரத்தைத் திருப்பினால் அது லேசில் அசைந்து கொடுக்காது. மாறுவதெல்லாம் மெஷினுக்கும் லைனுக்கும் நடுவே போய் வருகிற வெறுங் கரண்ட்தான். மோட்டார் சுற்றுவதற்கும் அரைப்பதற்கும் செலவாகிற கரண்ட் ஒன்று. மோட்டாருக்குள்ளே காந்தத்தை நிறுத்தி வைப்பதற்காகச் சும்மா போய்ப் போய்த் திரும்பி வருகிற கரண்ட் இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் கம்பெனியில் வெறுங் கரண்ட் என்று பெயர். சக்கரத்தை அதிகமாக ஏற்றிவிட்டால், ஊரிலிருக்கிற மோட்டாருக்கெல்லாம் நம் மெஷினே வெறுங் கரண்ட் கொடுக்கப்போய்ச் சூடேறிக் கருகும். ரொம்ப இறக்கிவிட்டால் லைனிலிருந்து வாங்க ஆரம்பித்து, பிடி தளர்ந்து, ஒரு கட்டத்தில் நழுவிவிடும். நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் முள்ளைப் பார்த்துப் பார்த்து, நாள் பூராவும், கையால்.

இதை ஒருநாள் காமாக்ஷிக்கு விளக்கினார். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"சும்மா போய்ட்டுப் போய்ட்டு வர்றதா? நம்மாத்துல அது யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"வந்துண்டு போயிண்டாவது இருக்கேளே. அது போறும்" என்றாள் காமாக்ஷி.

மெஷினுக்கு எண்ணெய் போட, துடைக்க, சக்கரத்தைத் திருப்ப நாணுவுக்கு ஒரு ஆள் கொடுத்தார்கள். சங்கிலிப்பாண்டி. சாத்தூர்ப் பக்கத்து ஆள். நாற்பது வயதுக்கு மேல் பிழைப்புத் தேடி வந்து, கடைத்தெருவில் மிளகு மூட்டை தூக்கி, முதுகு பிடித்துக்கொண்டதால் ஐஸ் கம்பெனிக்கு வந்தவர். நிரந்தர வேலையில்லை. கம்பெனிக் கொட்டகையிலேயே படுக்கை.

மீட்டர்ப் பலகை ஒரு பக்கம், சக்கரம் தூணுக்கு அந்தப் பக்கம். முதல் நாள் நாணு முள்ளைப் பார்த்தபடியே "கூட்டு" என்று குரல் கொடுத்தார். பாலக்காட்டுத் தமிழிலும் மலையாளத்திலும் அதற்கு அர்த்தம் ஒன்றுதான், அதிகமாக்கு. முள் அசையவில்லை. "கூட்டு. இன்னும் கூட்டு" என்று சத்தம் போட்டார். பின்னாலிருந்து சர் சர் என்று சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் சங்கிலிப்பாண்டி விளக்குமாற்றோடு குனிந்து, தரையை மூலை முடுக்கெல்லாம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, சுத்தமாத்தான இருக்கு. இன்னும் எங்கிட்டுக் கூட்ட?" என்றார்.

நாணுவுக்குச் சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. அன்றிலிருந்து சங்கிலிப்பாண்டிக்கு மட்டும் தனி பாஷை. ஏத்து, இறக்கு. கூட்டு என்பது விளக்குமாற்றுக்கென்று ஒதுக்கப்பட்டது. மீட்டர் முள்ளைப் படிக்கத் தெரியாத சங்கிலிப்பாண்டி, கொட்டகையில் தொங்குகிற பல்பை வைத்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். பல்பு சிரித்தால் ஏத்து, பல்பு அழுதால் இறக்கு. பிரகாசமானால் சிரிப்பு, மங்கினால் அழுகை. அவரே வைத்துக்கொண்ட பாடம் அது.

"பல்புதான் ஏற்கெனவே சிரிக்குதே சாமி. இன்னும் ஏத்தச் சொல்றீகளே, தலைகீழா இருக்கே" என்று ஒருமுறை கேட்டார்.

"ரெண்டு பேர் கையைக் கோத்துண்டு ஓடறதுன்னு வெச்சுக்கோ" என்றார் நாணு. "லைன் நம்மளைவிட ஓங்கி நிக்கறப்போ நாம கையை இறுக்கிப் பிடிக்கணும். தளர விட்டா நழுவிடும். நழுவினா நாமதான் விழுவோம், லைன் விழாது."

நழுவினால் என்ன ஆகும் என்பதை இரண்டு பேருமே கண்ணால் பார்த்திருந்தார்கள். எண்பத்து நாலு ஓணத்தன்று ஊரில் மில்லெல்லாம் மூடியிருந்ததால் லைனில் வோல்டேஜ் ஏறிக் கிடந்தது. மேற்பார்வைக்கு வந்த மானேஜர், வோல்டேஜ் அதிகமாக இருக்கிறதே என்று தாமாகவே சக்கரத்தை இறக்கினார். படித்தவருக்கும் அப்படித்தான் தோன்றும். நாணு "ஐயோ, சார்" என்று ஓடிவருவதற்குள் மெஷின் நழுவி, கொட்டகையே கிடுகிடுத்து, இணைப்பிலிருந்த போல்ட்டுகள் முறிந்து கூரையைத் துளைத்துக்கொண்டு போயின. ரிப்பேருக்கு இரண்டு மாதம். அதற்கப்புறம் மானேஜர் அந்தப் பக்கம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

எண்பத்தேழு மே மாதம் ஸ்வர்ணலதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரே மகள். மாப்பிள்ளை பாலக்காட்டில் தபால் ஆபீஸில் வேலை. மழை மறுபடியும் பொய்த்து, கரண்ட் வெட்டு மறுபடியும் வந்திருந்த வருஷம். நாணு ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தார். காயலுக்கு அந்தப்புறம் வைப்பின் தீவிலிருந்து வருகிற இன்னொரு ஆபரேட்டர் காலையில் வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

விடிந்தால் முகூர்த்தம் என்கிற அன்றைக்குத் திடீரென்று பந்த் அறிவித்தார்கள். கல்யாணத்துக்கு விலக்கு உண்டு. பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி வரிசையில் கல்யாணத்தையும் சேர்ப்பது அங்கே வழக்கம். ஆனால் காயலைத் தாண்டுகிற படகு, அங்கத்தி பாஷையில் போட்டு, ஓடாது. போட்டு ஓடாவிட்டால் வைப்பின்காரர் வரமுடியாது. குளிர் அறையிலோ இரண்டு நாளில் கப்பல் ஏற வேண்டிய இறால் கூரைமுட்ட அடுக்கியிருந்தது. மெஷினை நிறுத்த முடியாது.

"சங்கிலிப்பாண்டி பார்த்துப்பான்" என்று நாணு மானேஜரிடம் சொன்னார்.

"எண்ணெய் போடற ஓயில்காரனா? ஏதெங்கிலும் ஆனா யார் ஜவாப் பறையறது, சாமி?"

"நான் பறையறேன். என் பொறுப்பு."

"ஏதாவது ஆச்சுன்னா அந்த ஆளை இங்கே வெச்சுக்க முடியாது, கேட்டோ" என்றார் மானேஜர். நாணு தலையாட்டிவிட்டு வந்தார். சங்கிலிப்பாண்டியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் கை நடுங்கும். நடுக்கத்தைத் தானே வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்.

சமூக மண்டபம் பழைய கட்டடம். பகலிலும் உள்ளே இருட்டு. நடுக்கூடத்தில் வரிசையாகப் பல்பு போட்டிருந்தார்கள். ஐஸ் கம்பெனிக்கு வருகிற அதே லைன்தான் மண்டபத்துக்கும். எட்டு மணிக்கு ஊஞ்சல் நடந்துகொண்டிருந்தபோது நாணு வழக்கம்போல் மேலே பார்த்தார். சாதாரணம். எட்டேகாலுக்குப் பார்த்தார். கொஞ்சம் பிரகாசம். எட்டரை. தோப்பும்படியிலும் மட்டாஞ்சேரியிலும் மில்லெல்லாம் ஓடத் தொடங்க வேண்டிய நேரம். பந்த் ஆனதால் ஒன்றுகூட ஓடவில்லை. லைனில் இருந்த வோல்டேஜை இழுத்துக்கொள்ள ஆளில்லை. பல்பெல்லாம் வெள்ளை வெளேரென்று எரிய ஆரம்பித்தன.

"கல்யாணக் களை வந்துடுத்து பாருங்கோ, பல்புக்குக்கூட" என்று ஒரு சம்பந்தி மாமி சந்தோஷப்பட்டாள். நாணுவுக்கு வேர்த்தது.

காமாக்ஷியின் தம்பி வெங்கிடராமன் பக்கத்தில் நின்றிருந்தான். அவனைத் தூண் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சைக்கிளை எடுத்துண்டு கம்பெனிக்குப் போ. சங்கிலிப்பாண்டி கிட்டே கூட்டச் சொல்லு."

"கூட்டணுமா?"

"கூட்டணும். அத்திம்பேர் கூட்டச் சொன்னார்னு மட்டும் சொல்லு, போறும். ஷீக்ரம் போ."

வெங்கிடராமன் ஓடினான். சாஸ்திரிகள் கூப்பிட்டார். நாணு பஞ்சகச்சத்தைச் சரிசெய்துகொண்டு மேடையில் போய் உட்கார்ந்தார். கூறைப்புடவை உடுத்தி வந்த ஸ்வர்ணலதாவை அவர் மடியில் உட்காரவைத்தார்கள். சின்ன வயதில் கொட்டகை வாசலுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவருகிற குழந்தை, இப்போது மடி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டி முடிகிறவரை தகப்பன் எழுந்திருக்கக் கூடாது.

அப்போதுதான் உறைத்தது.

கூட்டு என்றல்லவா சொல்லி அனுப்பினோம்.

நாலு வருஷமாகத் தப்பாமல் ஏத்து, இறக்கு என்று சொன்ன வாய், பதற்றத்தில் பாலக்காட்டுக்குத் திரும்பிவிட்டது. வெங்கிடராமன் அட்சரம் பிசகாமல் சொல்லுவான். சங்கிலிப்பாண்டியும் அட்சரம் பிசகாமல் விளக்குமாற்றை எடுப்பார். பல்பு சிரித்தால் ஏத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும், வாஸ்தவம்தான். ஆனால் சாமியே ஆள் அனுப்பி வேறு வேலை சொன்னால், சொன்ன வேலையை முதலில் செய்கிற மனுஷன் அவர். தரையைக் கூட்டுகிற நேரத்தில் மெஷின் நழுவினால்? நாளைக்கு அவருக்கு வேலை இருக்காது. ஐம்பது வயதை நெருங்குகிற ஆள் மறுபடியும் மிளகு மூட்டைக்கா போவார்?

நாணு அண்ணாந்து பல்பைப் பார்த்தார். மெஷின் நழுவி லைனை விட்டு அறுந்தால் அந்தப் பல்பு ஒருமுறை சட்டென்று மங்கி மேலெழும்பும். இத்தனை வருஷத்தில் அது அவருக்குத் தெரியும். அதுவரை மங்கவில்லை. சாஸ்திரிகள் மந்திரத்தைச் சொல்லச் சொல்ல, நாணு பாதியை விழுங்கி, மீதியை உளறினார்.

மடியிலிருந்தவள் தலையைக் குனிந்தபடி மெல்லக் கேட்டாள். "அப்பா, பல்பையா பார்க்கறேள்?"

"இல்லேம்மா."

"நானும் அதைத்தான் பார்த்துண்டிருக்கேன். எட்டரையிலேர்ந்தே சிரிக்கறது. இன்னும் ஒண்ணும் ஆகல்லே."

முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டிய பெண், அப்பாவின் மெஷினுக்காகப் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் குனிந்தான். அந்த நேரம் பார்த்துப் பல்பு ஒருமுறை மங்கி, மறுபடி எரிந்தது.

ஸ்வர்ணலதாவின் கை அவர் கையைப் பற்றியது. அட்சதை மழையாக விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். காமாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாணு மட்டும் சிலைபோல உட்கார்ந்திருந்தார். போயிற்று. மெஷின் போயிற்று, சங்கிலிப்பாண்டியின் வேலையும் போயிற்று. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் லீவு எடுத்து ஒருத்தன் பிழைப்பைக் கெடுத்தோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

வெங்கிடராமன் வந்தபோது மணி பத்தரை. திரும்பி வரும் வழியில் பந்த்காரர்கள் சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிட்டார்களாம். உருட்டிக்கொண்டே வந்திருந்தான்.

"சொன்னயா?"

"சொல்லாமலா? அத்திம்பேர் கூட்டச் சொன்னார்னேன். ஒரு மாதிரி பார்த்தான். பிறகு தொடப்பத்தை எடுத்துண்டு கூட்ட ஆரம்பிச்சுட்டான். நான் உடனே கிளம்பிட்டேன்."

நாணு மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார். சம்பந்திகள் பார்த்தார்கள். காமாக்ஷி குறுக்கே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வழியை விட்டாள்.

"போய்ட்டு வாங்கோ. இங்கே நான் பார்த்துக்கறேன்" என்றாள். பிறகு, "செருப்பையாவது போட்டுக்கோங்கோ."

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் முன்னால் இரண்டு கால்கள் வந்து நின்றன. நிமிர்ந்தார். சங்கிலிப்பாண்டி. குளித்து, எண்ணெய் தடவிப் படிய வாரி, வெள்ளை வேட்டி கட்டி, கையில் மஞ்சள் காகிதம் சுற்றிய ஒரு எவர்சில்வர் குத்துவிளக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"மெஷினை விட்டுட்டா வந்தே?" என்றார் நாணு.

"வைப்பின்காரரு வள்ளம் பிடிச்சு வந்துட்டாரு சாமி. அவருகிட்ட விட்டுட்டுத்தான் வாரேன். ஓடிக்கிட்டிருக்கு."

"ஓடறதா?"

"ஏன், ஓடாம என்ன?"

"தாலி கட்டறப்போ பல்பு மங்கித்தே."

"இங்கிட்டா? அங்கன ஒண்ணும் மங்கலையே." சங்கிலிப்பாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். சமையற்கட்டிலிருந்து கடகடவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. "அந்தா கெடக்கு பாருங்க, மாவாட்டுற மோட்டாரு. அதப் போட்டா கிளம்புறப்ப உங்க வெறுங் கரண்ட அள்ளிக் குடிக்காதா? நீங்க சொன்னதுதான் சாமி."

நாணு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். சங்கிலிப்பாண்டியும் விளக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"எட்டரைக்கே பல்பு சிரிச்சிருச்சு. அப்பவே ஏத்திட்டேன். பிறகு உங்க மச்சினரு வேர்த்து விறுவிறுத்து வந்து, கூட்டச் சொன்னாருன்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு சாமி, பொய் சொல்லக் கூடாது. மக கழுத்துல தாலி ஏறப்போற நேரத்துல இவருக்குத் தரையப் பத்தி என்ன கவலைன்னு. இருந்தாலும் நீங்க சொல்லிவிட்டுட்டீகளேன்னு கூட்டினேன். பாதி கூட்டையிலதான் உறைச்சுச்சு, இது அந்தக் கூட்டு இல்ல, உங்க ஊருக் கூட்டுன்னு. போய் இன்னும் அரைச் சுத்து ஏத்திட்டு, வந்து மிச்சத் தரையையும் கூட்டினேன். நீங்க எதச் சொன்னீகளோ, ரெண்டையும் கூட்டியாச்சு."

நாணு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எங்கேயோ திரும்பி, தோள் குலுங்கி, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. போகிற வருகிறவர்கள் பெண்ணைப் பெற்ற மனசு என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

முதல் பந்தி போட்டிருந்தது. நாணு சங்கிலிப்பாண்டியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், சம்பந்திகள் வரிசையில் உட்காரவைத்து, தானும் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். யாரோ ஒரு மாமா ஏதோ முணுமுணுக்க வாயெடுத்தார். காமாக்ஷி சாதக் கூடையோடு அவருக்கும் இவர்களுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டாள். சங்கிலிப்பாண்டியின் இலையில் பாயசம் இரண்டு முறை விழுந்தது.

மறுநாள் மானேஜர் கேட்டார், "நேத்து எந்தா ஆச்சு?" நாணு, "ஒண்ணும் ஆகல்லே, சார்" என்றார். மானேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். அது மறுநாள் கதை.

அன்றைக்குப் பந்தியில், தலைக்கு நேர் மேலே ஒரு பல்பு பளபளவென்று சிரித்துக்கொண்டே இருந்தது. நாணு குனிந்த தலை நிமிராமல் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை.